சிவக்காத ஆரத்தி

என் கல்யாணத்தில் எனக்கென்று ஒப்படைக்கப்பட்ட வேலை ஒன்றே ஒன்றுதான். பதுளை டவுனுக்குப் போய் மஞ்சள் வாங்கி வரவேண்டும். மற்ற எல்லாவற்றையும் பெரியம்மாவே பார்த்துக்கொண்டாள். என்னைப் பெற்றவள் நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே போய்விட்டதால், அவளுடைய அக்காவான பெரியம்மாதான் என்னை வளர்த்தாள். வளர்த்தவளுக்குத் தெரியாதா, இவனை நம்பி எதைக் கொடுக்கலாம் என்று? இருந்ததிலேயே லேசான வேலையாகப் பார்த்துத்தான் கொடுத்தாள். அந்த லேசான வேலையை வைத்துக்கொண்டே நான் இரண்டு குடும்பங்களைக் கைகலப்பு வரைக்கும் கொண்டுபோனேன்.

அவள் சொன்னது இவ்வளவுதான்: "கிழங்கா வாங்கிட்டு வா. நாங்க அம்மியில அரைச்சிக்கிறோம்."

நான் வாங்கி வந்தது தூள்.

ஏன் என்று கேட்பீர்கள். அந்த நாட்களைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் விளங்கும். எழுபதுகளின் முதல் பாதியில் எங்கள் சாப்பாட்டுக்கு நிறமே கிடையாது. மரவள்ளிக்கிழங்கு, கோதுமை ரொட்டி, கூப்பனுக்குக் கிடைத்த அரிசி, பேக்கரி வரிசையில் நின்று வாங்கிய பாண். எல்லாம் பழுப்பு, இல்லாவிட்டால் சாம்பல். அப்புறம் ஆட்சி மாறி, இறக்குமதியைத் திறந்துவிட்டதும் பதுளைக் கடைவீதி ஒரே மாதத்தில் பொம்மைக் கடையாகிவிட்டது. சிவப்பு சோடா, பச்சை சோடா, ரோஸ் நிறத்தில் கிரீம் வைத்த பிஸ்கட், கையில் பட்டால் மூன்று நாளைக்குப் போகாத ஊதா மிட்டாய். நாங்கள் ருசி பார்த்து வாங்கவில்லை. நிறம் பார்த்து வாங்கினோம். ஒரு தேத்தண்ணிக்கடையில் கேக் துண்டு ஒன்றைக் காட்டி, "இதுல பச்சை இருக்கா?" என்று நானே கேட்டிருக்கிறேன். பச்சை என்ன ருசி என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது.

போதாதற்கு, நிறத்தைப் பற்றி எனக்கு நானே ஒரு பட்டம் கொடுத்து வைத்திருந்தேன். தேயிலைத் தொழிற்சாலையில் என் வேலை பெட்டி எழுதுவது. எழுத்து வெட்டிய தகட்டைப் பலகைப் பெட்டியில் வைத்து, மேலே கறுப்பு மையைப் பூசி எடுப்பேன். தோட்டத்தின் பெயர், தேயிலையின் தரம், பெட்டியின் எடை. வாழ்க்கையில் நான் பூசியது கறுப்பு ஒன்றுதான். ஆனாலும் மையில் கை வைத்தவன் என்ற உரிமையில், ஊரில் யார் சேலை எடுத்தாலும், எவன் கதவுக்குப் பெயின்ட் அடித்தாலும், என்னிடம் கேட்காமலே நான் அபிப்பிராயம் சொல்வேன்.

இந்த நிபுணர்தான் கடைவீதியில், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவரின் பலசரக்குக் கடையில் போய் நின்றது. நானாவுக்கு எங்கள் தோட்டத்தையே தெரியும். அவர் எனக்கு முன்னால் காய்ந்த மஞ்சள் கிழங்கை அள்ளி வைத்தார். அது மண் நிறத்தில், ஆட்டின் பழைய கொம்பு மாதிரி கிடந்தது. எனக்குப் பின்னால் இருந்த அலுமாரித் தட்டில் ஒரு தகர டின். மூடியைத் திறந்து பார்த்தேன். ஐயோ, அந்த மஞ்சள்! அன்றைக்குத்தான் வெயில் என்றால் என்னவென்று பார்த்த மாதிரி இருந்தது.

"நானா, இது என்னா?"

"அது தூள் தம்பி. கொழும்புலேருந்து ஒருத்தன் புதுசா கொண்டாந்து போட்டுட்டுப் போனான். நான் இன்னும் என்ட ஊட்டுக்குக்கூட எடுக்கல்ல. கிழங்கே கொண்டு போங்களன். நல்ல கிழங்கு இரிக்கி."

இதைவிடத் தெளிவாக ஒரு கடைக்காரர் தன் சரக்கை வாங்காதே என்று சொல்ல முடியாது. எனக்குக் கேட்டதோ, இவர் வீட்டில்கூட இன்னும் ருசி பார்க்காத சரக்கு, நான்தான் முதல் ஆள் என்று. டின்னைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பெரியம்மா முதலில் திட்டினாள். பிறகு மூடியைத் திறந்தாள். "என்னா கலருடா!" என்றாள். அந்த இரண்டு வார்த்தையை நான் பத்திரமாக மனதில் எழுதி வைத்துக்கொண்டேன். பின்னால் வழக்கு வந்தால் உதவும் என்று.

கல்யாணத்தன்று விடியும் முன்பே பந்தலுக்குப் பின்னால் அடுப்பு மூட்டியாகிவிட்டது. பண்டாரவளையிலிருந்து வந்த சமையல்காரர் பெரிய அண்டாவில் மஞ்சள் சோறு ஆக்கினார். சாம்பார், பருப்பு, உருளைக்கிழங்குப் பிரட்டல், எல்லாவற்றுக்கும் அதே டின். "இருவது வருசத்துல என் கைக்கு இப்படி நெறம் வந்ததே இல்ல தம்பி," என்று அவர் கரண்டியைத் தூக்கிக் காட்டினார். மாப்பிள்ளை என்கிற அதிகாரத்தில் நான் மூன்று பிடி சோற்றை வாழையிலைத் துண்டில் வாங்கி அங்கேயே தின்றேன். ருசி பரவாயில்லை. நிறம்தான் அபாரம்.

தாலி கட்டியது தோட்டத்து மாரியம்மன் கோயிலில். பெண் வீட்டார் லுணுகலைப் பக்கத்துத் தோட்டம். லொறி பிடித்து வந்திருந்தார்கள். பெண்ணை நான் அதற்கு முன் ஒரு தடவைதான் பார்த்திருந்தேன். அன்று அவள் பேசவில்லை. நான் பேசினேன், அவர்கள் வீட்டுக் கதவின் நிறத்தைப் பற்றி. அவள் குரல் எப்படி இருக்கும் என்றுகூடத் தெரியாமல்தான் தாலி கட்டினேன்.

தப்பு முழங்க, வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு வந்தோம். வாசலில் எங்களை நிறுத்திவிட்டு, பெரியம்மாவின் மகள், என் அக்கா, தாம்பாளத்தில் ஆரத்தி கரைத்தாள். தண்ணீரில் மஞ்சளைப் போட்டு, சுண்ணாம்பைச் சேர்த்துக் கரைத்தால் அது குங்குமமாகச் சிவக்கும். அதைச் சுற்றி, நெற்றியில் ஒரு பொட்டு வைத்து, வாசலில் ஊற்றினால் பெண் உள்ளே காலை வைக்கலாம். ஒரு நிமிட வேலை.

ஒரு நிமிடம் போனது. இரண்டு நிமிடம் போனது.

"அம்மா," என்றாள் அக்கா, உதட்டை அசைக்காமல். "செவக்க மாட்டேங்குது."

"சுண்ணாம்ப இன்னங் கொஞ்சம் போடுடி."

"போட்டுட்டேன்."

"நல்லா கரைடி. கையில தெம்பு இல்லையா?"

அக்கா கரைத்தாள். சுண்ணாம்பு சேரச் சேரத் தண்ணீர் தடித்து, மோர்க்குழம்பு மாதிரி ஆனது. நிறம் மட்டும் அசையவில்லை. பளபளவென்று மஞ்சளாகவே நின்றது. தப்படிக்கிறவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். பக்கத்து லயத்துக் கிழவி ஒருத்தி எட்டிப் பார்த்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படியாகவே முணுமுணுத்தாள்: "நாப்பது வருசமா ஆரத்தி கரைக்கிறேன். செவக்காத ஆரத்திய இன்னிக்குத்தான் பாக்குறேன்."

பெரியம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. அவள் கெட்டவள் இல்லை. பயந்தவள். தங்கையை இருபது வயதில் பறிகொடுத்தவள். "பொண்ணு இப்ப உள்ள வர வேணாம்," என்றாள். "கோயிலுக்கே திரும்பிப் போங்க. பூசாரிய கேட்டுட்டு வரட்டும். ஆத்தா என்னமோ சொல்றா."

எனக்கு மட்டும் ஆத்தா என்ன சொல்கிறாள் என்று நன்றாகத் தெரிந்தது. டின்னைப் பார் என்கிறாள். அந்த இடத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. கிழங்கு வாங்கச் சொன்னார்கள், தூள் வாங்கினேன், தூள் மஞ்சளே இல்லை. வாயைத் திறந்து இதைச் சொல்ல வேண்டியதுதானே? சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்பதும் விளங்கிவிட்டதே. அதே தூள்தான் அண்டாவில் இருக்கிறது. இருநூறு பேர் பசியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். பல வருடப் பஞ்சத்துக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட வந்தவர்கள். அவர்களிடம் போய், "ஐயா, சோறு போலி," என்று மாப்பிள்ளை சொல்லலாமா?

ஆகவே வீரனாகிய நான் முகத்தை நமுனுகுல மலைப் பக்கம் திருப்பி, மேகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மழை வந்தால் நல்லது என்று நினைத்ததாக ஞாபகம். வெள்ளம் வந்தால் இன்னும் நல்லது.

பெண்ணின் அண்ணன் முன்னால் வந்தான். கோடாலி பிடித்த தோள். "என்னா சம்பந்தி பேசுறீங்க? எங்க தங்கச்சி காலு பட்டா ஒங்க லயம் இடிஞ்சி விழுந்துருமா?"

கூட்டத்தில் எங்கள் ஆள் ஒருவன் சும்மா இருக்கவில்லை. "அது வெள்ளக்காரன் கட்டுன லயம்பா. ஏற்கனவே பாதி விழுந்துதான் இருக்கு."

"யாருடா அது நக்கல் பண்றது?"

அப்போதுதான் என் மனைவி முதல் முறையாகப் பேசினாள். சன்னமான குரலாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. தேயிலை மலையில் இந்த நிரையிலிருந்து அந்த நிரைக்குக் கூப்பிட்டுப் பழகிய குரல்.

"அத்த, ஒரு நிமிசம். சுண்ணாம்பு யாரோடது?"

"என்னோடதுதான்," என்றாள் பெரியம்மா. "இந்தச் சுண்ணாம்புலதான் காலையில வெத்தல போட்டேன். வாயி செவந்துச்சி."

"எங்கம்மாகிட்ட இருக்கத போட்டு பாருங்க."

எங்கள் பெண்கள் கொழுந்துக் கூடையை மறந்தாலும் மறப்பார்கள், மடியில் சுண்ணாம்பு டப்பியை மறக்கமாட்டார்கள். மாமியார் தன் டப்பியைக் கொடுத்தார். போட்டார்கள். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.

"அப்ப தூளுதான்," என்றாள் அவள். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைக் கேட்டாள்: "தூளு யாரு வாங்குனது?"

நான் மேகத்தில் மும்முரமாக இருந்தேன்.

அவள் அதற்கு மேல் காத்திருக்கவில்லை. கல்யாணப் பெண்ணின் மணிக்கட்டில் காப்பு கட்டியிருக்கும். மஞ்சள் நூலில் ஒரு துண்டு மஞ்சள் கிழங்கு. சடங்கு முடியும்வரை அதை அவிழ்க்கக் கூடாது. அவள் அவிழ்க்கவில்லை. கூறைச் சேலையை ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டு அம்மிக்குப் பக்கத்தில் குந்தினாள். கல்லில் தண்ணீர் தெளிக்கச் சொன்னாள். காப்போடு சேர்த்து மணிக்கட்டைக் கல்லில் வைத்து, கிழங்கை வரட் வரட்டென்று உரசினாள். வளையல் இரண்டு உடைந்தது. மங்கிய மஞ்சளாகக் கொஞ்சம் விழுது வந்தது. சுண்டுவிரலால் சுண்ணாம்பு எடுத்து அதில் தொட்டாள்.

இரத்தமாகச் சிவந்தது.

தப்பு தானாகவே ஒரு அடி அடித்தது. அடித்தவனுக்கே தெரியாமல் அடித்திருக்க வேண்டும். கூட்டம் "ஆ!" என்றது. நான் மேகத்திலிருந்து இறங்கி வந்தேன். தப்பித்தோம், நான் வாயைத் திறக்காமலே வேலை முடிந்தது என்று எண்ணினேன். பெரியம்மாவைப் பற்றி நான் தப்புக் கணக்குப் போட்டிருந்தேன்.

"அது ஒங்க ஊட்டு மஞ்ச," என்றாள் பெரியம்மா. "ஒனக்கு செவக்கும். எங்க ஊட்டு மஞ்ச தானே ஒனக்கு செவக்கல? அதத்தானே நான் சொல்றேன்?"

நினைத்துப் பாருங்கள், எவ்வளவு கச்சிதமான வாதம்! கொழும்பில் கறுப்புக் கோட்டுப் போட்டவர்களுக்குக்கூட இப்படி வராது. கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்தது. பெண்ணின் அப்பா தோளில் இருந்த துண்டை எடுத்து உதறி மறுபடியும் போட்டுக்கொண்டார்.

"வாம்மா. லொறி நிக்கிது. போவோம்."

அவ்வளவுதான். அந்தச் சின்ன வாக்கியத்தில் எல்லாம் இருந்தது. லொறி ஏறினால் அவள் போவது வீட்டுக்கு மட்டுமில்லை. வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவள் என்ற பெயரோடு போவாள். அந்தப் பெயரை லுணுகலையில் எந்தப் பீலித் தண்ணீராலும் கழுவ முடியாது. அவள் எழுந்து நின்றாள். அழவில்லை. கையிலிருந்த சிவப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அது சரி என்று அவளுக்குத் தெரியும். சரி என்று தெரிந்த இன்னொரு ஆள் அந்த வாசலில் நான் ஒருவன்தான்.

எனக்கு எங்கிருந்து அந்தச் சத்தம் வந்தது என்று தெரியாது. தொழிற்சாலைச் சங்கு ஊதியது என்று சிலர் திரும்பிப் பார்த்தார்களாம்.

"தூளு போலி! நான்தான் வாங்குனேன்! பெரியம்மா கிழங்குதான் வாங்கச் சொன்னிச்சி. நானா கூட கிழங்குதான் வாங்கச் சொன்னாரு. கலர பாத்து ஏமாந்துட்டேன். அவமேல ஒரு தப்பும் இல்ல!"

பெரியம்மா கேட்டாள்: "இவ்வளவு நேரம் என்னாடா மேல பாத்துக்கிட்டு இருந்த?"

"மழ வருமான்னு பாத்தேன்."

பந்தலில் முதல் சிரிப்பு பெண் வீட்டார் பக்கமிருந்து வந்தது. மைத்துனன்தான். அந்தத் தோள் குலுங்கியதைப் பார்த்ததும் எனக்குப் போன உயிர் பாதி திரும்பியது.

பக்கத்து வீட்டுக் காம்பராக்காரி தன் வீட்டு அஞ்சறைப் பெட்டியிலிருந்து பழைய மஞ்சள் தூள் கொண்டுவந்தாள். அவள் வீட்டிலேயே அரைத்தது. பெரியம்மா வேறு யாரையும் தொடவிடவில்லை. தாம்பாளத்தைத் தானே தேய்த்துக் கழுவி, தன் கையால் கரைத்தாள். ஒரு சுற்றில் சிவந்தது. அவள் அதை நன்றாகப் பார்த்துவிட்டு, என் மனைவியின் முன்னால் மூன்று தடவை சுற்றி, நெற்றியில் பொட்டு வைத்தாள். "வலது காலு, தாயி," என்றாள். அவ்வளவு மெதுவாக அவள் பேசி நான் கேட்டதில்லை. எனக்குப் பொட்டு வைக்கும்போது மட்டும் விரல் நகம் நன்றாக அழுந்தியது.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதவே மாட்டேன். உள்ளே போய்ப் பாலும் பழமும் கொடுக்க உட்கார்த்தியபோதுதான், எனக்கு அந்த மூன்று பிடி சோறு ஞாபகம் வந்தது.

போலி மஞ்சள். அப்படியானால் அது என்ன? வயிற்றுக்குள் என்ன ஓடிக்கொண்டிருக்கிறது? சட்டென்று காது சுட்டது. நாக்கு தடித்த மாதிரி இருந்தது. சுவரில் தொங்கிய கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தேன். மஞ்சள்! கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்தேன். கண்ணும் மஞ்சளாகத்தான் தெரிந்தது. (கண்ணாடியில் ரசம் போய்ப் பத்து வருடம். யாருக்கும் மஞ்சளாகத்தான் தெரியும்.) இரண்டு மணி நேரத்துக்கு முன் தாலி கட்டிக்கொண்டவளைப் பரிதாபமாகப் பார்த்தேன். இந்தப் பிள்ளையின் தலையெழுத்தைப் பார் என்று எனக்காக நானே கண் கலங்கினேன்.

"என்னாங்க, என்னா செய்யிது?"

"ஒன்னுமில்ல. நீ தைரியமா இருக்கணும்."

அவள் அதற்குள் எழுந்து வாசலுக்குப் போய் டாக்டரய்யாவைக் கூப்பிட்டுவிட்டாள். தோட்டத்து மருந்துச்சாலையைக் கவனிப்பவர். விருந்துக்கு வந்து முன் வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என் நாடியைப் பிடித்தார். நாக்கைப் பார்த்தார்.

"எவ்வளவு சாப்பிட்ட?"

"மூனு பிடி ஐயா. கொஞ்சம் பெரிய பிடி."

"மூனு பிடியில ஒனக்கு ஒன்னும் ஆகாது. நாக்கு மஞ்சளா இருக்கு, ஏன்னா மஞ்சச் சோறு தின்னுருக்க. வாய கொப்புளி." பிறகு வெளியே போய்ச் சமையல்காரரின் கையைப் பார்த்தார். "சவுக்காரம் போட்டுக் கழுவுனீங்களா?"

"காலையிலேருந்து நாலு வாட்டி கழுவிட்டேங்க. போக மாட்டேங்குது."

"நல்ல மஞ்சளா இருந்தா சவுக்காரம் பட்டதும் செவந்திருக்கும். செவந்துச்சா?"

"இல்லீங்களே."

"துணிக்குப் போடுற சாயமா இருக்கும்," என்றார் டாக்டரய்யா. "ஒரு நாளு தின்னா சாக மாட்டாங்க. மாசக் கணக்கா தின்னா என்னா செய்யும்னு என்னால சொல்ல முடியாது. சின்னப் புள்ளைங்க, புள்ளத்தாச்சிங்க எல்லாம் வந்திருக்காங்க. என்னைக் கேட்டா போட வேணாம்."

எல்லோரும் அண்டாவைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். அண்டா பளபளத்தது. நான் பளபளக்கவில்லை.

சோற்றைக் கொட்டுவது என்றால் எங்கள் ஆட்களுக்கு என்ன என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு பருக்கை கீழே விழுந்தால் பொறுக்கித் தின்று வளர்ந்தவர்கள். முதலில் நகர்ந்தது பெரியம்மாதான். சேலையை இழுத்துச் செருகினாள்.

"எங்க மருமக மொத நாளு சோத்துல விசம் வச்சதா பேரு வர வேணாம். கொட்டுங்க. ஏ, கேக்குதா? லயத்துக்கு லயம் போயி ஆளுக்கு ஒரு கொத்து அரிசி கொண்டாங்க!"

அதற்குப் பிறகு நடந்தது ஒரு படை கிளம்பியது மாதிரிதான். கல்யாணச் சேலையோடு பெண்கள் லயங்களுக்கு ஓடினார்கள். சுளகில், பேசினில், முந்தானையில் அரிசி வந்தது. பெண் வீட்டார் லொறியில் சீராகக் கொண்டுவந்திருந்த ஒரு மூட்டையை மைத்துனன் தனியாகத் தோளில் தூக்கிவந்து தொப்பென்று போட்டான். வீடு திரும்ப ஸ்டார்ட் ஆக வேண்டிய லொறி. வெலிமடை உருளைக்கிழங்கு ஒரு சாக்கு இருந்தது. தேங்காய் துருவினார்கள். அண்டாவைச் சாம்பல் போட்டு, மண் போட்டு, மறுபடியும் சாம்பல் போட்டுத் தேய்த்தார்கள். மஞ்சள் சோற்றைத் தேயிலைச் செடிகளுக்கு நடுவே புதைக்கப் போனவர்களைக் கங்காணியார் தடுத்துவிட்டார். "அங்க வேணாம்பா. அடுத்த வருசம் மஞ்சக் கொழுந்து வந்தா தொரைக்கு நான் பதில் சொல்ல முடியாது." குப்பைக் குழியில் போட்டு மூடினார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்வெட்டி பிடித்தது மாப்பிள்ளை. அது தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. மண்வெட்டியை மட்டும் கையில் கொடுத்தார்கள்.

இரண்டு மணி நேரத்தில் பந்தி விரித்தாயிற்று. வெள்ளைச் சோறு, பாலில் வேகவைத்த வெள்ளைக் கிழங்கு, மிளகு ரசம், தேங்காய்ச் சம்பல், அப்பளம். வாழையிலையில் அத்தனை வெள்ளையை நான் பார்த்ததே இல்லை. பசியா, வேலை செய்த களைப்பா, தெரியாது. மூன்றாவது தடவை சோறு கேட்ட ஆட்களை நானே பார்த்தேன். மைத்துனன் கேட்டது ஐந்தாவது தடவை. நாற்பது வருட ஆரத்திக் கிழவிகூட, "சாயமில்லாத சோறுதாண்டி சோறு," என்று சொல்லிவிட்டு ரசத்தைக் குடித்தாள்.

ஆனால் ஊர் வாயை அவ்வளவு லேசில் கழுவ முடியுமா? விருந்துக்கு வராதவர்கள் காதுக்குப் போனது பாதிக் கதைதான். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் ஒருத்தி கேட்டாள், தண்ணீர் பிடிக்கும் பீலியில் இன்னொருத்தி கேட்டாள். பெரகலவிலிருந்து வந்த தூரத்துச் சொந்தக்காரி ஒருத்தி பெரியம்மாவிடம் நேராகவே கேட்டுவிட்டாள்: "ஏங்க, ஒங்க மருமக கை பட்டா சுண்ணாம்பே வேல செய்யாதாமே?"

பெரியம்மா அன்றைக்கு இரவு சாப்பிடவில்லை. என் மனைவியும் சாப்பிடவில்லை. நான் இரண்டு பேர் பங்கையும் சாப்பிட்டேன். கவலை எனக்கு வயிற்றில்தான் வரும். சம்பளம் போட்ட பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, பெரியம்மா விடிந்ததும் மருமகளை எழுப்பி, "கெளம்பு தாயி, டவுனுக்கு," என்றாள். டின்னின் மிச்சத்தை என் கையில் கொடுத்தாள். கூடவே லயத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் கிளம்பினார்கள்.

சம்பள ஞாயிறு என்றால் பதுளைக் கடைவீதியில் சுற்றுவட்டாரத் தோட்டம் அத்தனையும் இருக்கும். நானாவின் கடையில் நிற்க இடமில்லை. நான் பின்னால் மறைந்து நின்றேன். நானாவோடு சண்டை என்றால் எனக்கு ஆகாது, நல்ல மனிதர். அதோடு அவர் வேண்டாம் என்று சொல்லியும் வாங்கியவன் நான்தான்.

பெரியம்மா டின்னை அவர் முன்னால் வைத்து விஷயத்தைச் சொன்னாள். நானா தட்டிலிருந்த மற்ற டின்களையும் இறக்கினார்.

"எல்லார் முன்னுக்கும் பாருங்க," என்றார். "என்ட கடையில வச்சி பாருங்க. நானும் பாக்கணும்."

பெரியம்மா மருமகளை முன்னால் தள்ளினாள். அவள் ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டில் நானாவின் கிழங்கை உரசி ஒரு கோடு போட்டாள். பக்கத்தில் டின் தூளால் ஒரு கோடு. சுண்ணாம்பைத் தானே தொடவில்லை. அங்கேதான் அவளுடைய சாமர்த்தியம். கூட்டத்தைப் பார்த்து, "யாராச்சும் வேற தோட்டத்து அக்கா ஒருத்தர் வைங்க. என் கை பட்டா வேல செய்யாதாம்," என்றாள்.

எங்கிருந்தோ ஒரு நடுவயதுக்காரி வந்து, தன் டப்பியிலிருந்து எடுத்து இரண்டிலும் தொட்டாள். ஒன்று சிவந்தது. ஒன்று அப்படியே நின்றது. கடைக்குள் ஒரு இரைச்சல் எழுந்தது பாருங்கள், தெருவில் போனவர்கள் எல்லாம் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். நானா எல்லா டின்னையும் திறந்து, ஒவ்வொன்றாகத் தெருவோரச் சாக்கடைக் கானில் கொட்டினார். கான் முழுக்க மஞ்சளாக ஓடியது. "தம்பி, நான் சொல்லக்குள்ள கேட்டிருக்கலாமே," என்று என்னைப் பார்த்து ஒரு வார்த்தை மட்டும் சொன்னார். அதைப் பெரியம்மா கேட்டாளா இல்லையா என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் அவளுடைய முழங்கை என் விலாவில் பட்டது.

பெரகலச் சொந்தக்காரியும் அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் இருந்தாள். கடவுள் சில சமயம் ஆட்களை நல்ல இடத்தில் நிறுத்துகிறான். பெரியம்மா அவளைக் கண்டுபிடித்துக் கையைப் பிடித்து இழுத்து, தட்டைக் காட்டினாள். "நல்லா பாருங்க. மூக்குத்தி படுற அளவுக்குப் பக்கத்துல வச்சி பாருங்க. ஊருக்குப் போயி சொல்லணுமில்ல?"

அதற்குள் மற்றத் தோட்டத்துப் பெண்கள் மடியிலிருந்து டப்பியை எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்குள் நுழைந்துவிட்டார்கள். அந்தக் கடைக்காரர், "என்னா, என்னா?" என்று எழுந்து நின்றார். பெண்கள் தட்டுத்தான் கேட்டார்கள். அதற்கடுத்த கடையில் ஒருவன் எங்களைக் கண்டதும் ஒரு டின்னை மேசைக்குக் கீழே தள்ளினான். ஒரு கிழவி குனிந்து, "அதையும் எடுங்க மொதலாளி, வெக்கப்படாதீங்க," என்றாள். ஒரு இடத்தில் கோடு எப்படிப் போடுவது என்று தெரியாமல் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். வாசலில் நெரிசல். என் மனைவி பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

பெரியம்மா இரண்டு கையையும் விரித்துக் கூட்டத்தைப் பிளந்தாள்.

"ஒதுங்குங்க, ஒதுங்குங்க," என்றாள், கடைவீதிக்கே கேட்கும்படி. "எங்க ஊட்டு மருமக வருது. வழி விடுங்க!"